எடுக்கப்படாத இரண்டாம் காட்ஸில்லா

ஜூன் 24

1998-இல் வந்த ஹாலிவுட் ராட்சத மிருகப் படமான காட்ஸில்லாவின் கடைசிக் காட்சியை மறுபடி பார்த்தேன். மேடிசன் ஸ்கொயர் கார்டன் குண்டு விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளில் ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. ஓடு விரிகிறது, குட்டி தலையை நீட்டிக் கத்துகிறது, படம் முடிகிறது. அடுத்த பாகத்துக்கு இதைவிட நல்ல வாசல் அமையாது. படத்தைத் தயாரித்த ட்ரைஸ்டார் நிறுவனம் மூன்று படங்களாக எடுக்கத்தான் நினைத்திருந்தது. இரண்டாம் பாகத்துக்குக் கதைச் சுருக்கம்கூட எழுதப்பட்டது. சுமார் 13 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க 38 கோடி அளவுக்கு வசூலும் ஆனது. ஆனால் பார்த்தவர்களுக்கு மனசு நிறையவில்லை. அதோடு அந்தக் கதை நின்றுபோனது.

ஜூன் 25

ஏன் நிறையவில்லை? மிருகம் ஓடுகிறது, ஒளிகிறது, மீன் தின்கிறது என்பதுதான் பலருடைய குறை. எனக்கு அது குறையே இல்லை. பயந்து ஓடும் உயிரிலும் ஒரு கதை உண்டு.

என் வருத்தம் வேறு. 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹோண்டாவின் முதல் காட்ஸில்லா வந்துவிட்டது. காயம் ஆறுவதற்குள் எடுத்த படம் அது. 1998 படமும், அதாவது இயக்குநர் எம்மெரிக்கின் படமும், அணுகுண்டில்தான் தொடங்குகிறது. பழுப்பேறிய படச்சுருள், பல்லிகள், முட்டைகள், பிரெஞ்சுக் குரலில் எண்ணிக்கை, காளான் மேகம். பெயர்கள் ஓடி முடிந்ததும் அந்தத் தீவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே யார் இருந்தார்கள் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு காட்சி மட்டும் அந்தப் பக்கம் போகிறது. தாஹிதி மருத்துவமனைக் கட்டிலில் மிருகம் தாக்கிய கப்பலில் தப்பிய ஜப்பானியக் கிழவர். நடிகர் ழான் ரெனோ லைட்டரைக் கொளுத்தி அவர் கண்முன் பிடிக்கிறார். சுடரையே பார்த்துக்கொண்டு 'கொஜிரா' என்கிறார் கிழவர். காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் அது. படம் முழுக்க இப்படி இருந்திருக்கலாம்.

ஜூன் 26

ஜப்பானிய காட்ஸில்லாப் படங்களை எடுக்கும் டோஹோ, 2004-இல் தன் படமொன்றில் இந்த மிருகத்தை 'ஸில்லா' என்று பெயர் மாற்றி, சிட்னியில் தன் காட்ஸில்லாவிடம் நொடியில் சாகவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. 1998 படத்தைத் தொடர்ந்து வந்த கார்ட்டூன் தொடர்தான் குட்டிக்கு நியாயம் செய்தது. முட்டையிலிருந்து வந்ததும் முதலில் பார்த்த, படத்தின் நாயகனான விஞ்ஞானி நிக்கையே அது தாயாக நினைத்து ஒட்டிக்கொள்கிறது. நான் கற்பனை செய்யும் இரண்டாம் பாகத்துக்கு அந்த ஒட்டுதல் போதும்.

ஜூன் 28

கதை பிடிபட்டுவிட்டது. நிக் எங்கே போனாலும் குட்டி பின்னால் வரும். அப்படியானால் நிக்கை பசிபிக்குக் கூட்டிப்போனால் போதும். கூட்டிப்போவது ரெனோ நடித்த பிலிப். பிரெஞ்சு உளவுத்துறைக்காரன். முதல் படத்தில், தன் நாட்டின் அணுகுண்டுச் சோதனையால் இந்த மிருகம் உருவான தவறை யாருக்கும் தெரியாமல் துடைக்க வந்தவன். இந்த முறை அவனால் துடைக்க முடியாது.

தாய் பனாமாவில் காலடித் தடம் விட்டு நியூயார்க் போனது. குட்டி அதே பனாமாவை எதிர்த்திசையில் கடக்கும். பழைய தடங்களில் மழைநீர் தேங்கியிருக்கும். குட்டி ஒன்றில் காலை வைத்துப் பார்க்கும், தாயின் தடம் இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். வசனமே வேண்டாம்.

பிறகு மங்கரேவா. பசிபிக்கில் கருமுத்து வளர்க்கும் தீவு. காயலில் மிதவைகளும் சிப்பி கட்டிய கயிறுகளும். குட்டி நீருக்கடியில் வரும்போது மிதவைகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்து அமிழ்ந்து எழும். கரையில் நிற்கும் மூதாட்டி ஓடமாட்டார். பிலிப்பைப் பார்த்து, 1966-இல் ஏன் யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்பார்.

ஜூலை 2

1966-இல் இதே நாளில்தான், பிரான்ஸ் அணுகுண்டுகளைச் சோதித்த பசிபிக் தீவான முருரோவாவில் முதல் குண்டு. அதன் கதிர்வீச்சுத் தூசி மங்கரேவா வரை வந்து படிந்தது. 1996 ஜனவரி வரை முருரோவா, பக்கத்துத் தீவான ஃபங்கதௌஃபா இரண்டிலும் சேர்த்து 193 சோதனைகள். 1974-க்குப் பிறகு எல்லாம் நிலத்தடியில், பவளப்பாறையைத் துளைத்து. 1995-இல் அன்றைய பிரெஞ்சு அதிபர் சிராக் மறுபடி தொடங்கியபோது தாஹிதியின் தலைநகர் பபேத்தேயில் கலவரம் வெடித்தது. எம்மெரிக் படம் எடுத்தபோது இதெல்லாம் ஆறாத செய்தி. திரையில் அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

உச்சக்காட்சியை இங்கேதான் வைக்கிறேன். குட்டி முருரோவாக் காயலில் இறங்கிப் படுத்துவிடுகிறது. மிருகம் என்றால் ஏவுகணை, முதல் படத்தில் புரூக்ளின் பாலத்தில் செய்தது போல. ஆனால் இங்கே குண்டு போட்டால் பாறை பிளக்கும், அடியில் புதைத்தது வெளியே வரும். நிறுத்தச் சொல்லவேண்டுமானால் அடியில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். விமானங்கள் கிளம்பிவிட்டன. பிலிப் வானொலியை எடுக்கிறான். கடற்படைக்கு மட்டும் கேட்கும் அலைவரிசை வேண்டாம், தீவு முழுக்கக் கேட்பதாக இருக்கட்டும். ஆல்டெபரான், பீட்டல்ஜூஸ், கனோபஸ் என்று நட்சத்திரப் பெயர் வைத்த சோதனைகளில் தொடங்கி, நிலத்தடியில் வெடித்தவை வரை தேதியோடு ஒவ்வொன்றாகப் படிக்கிறான். விமானங்கள் திரும்புகின்றன.

குட்டி சாகவேண்டியதில்லை. ரெனோ அந்தப் பட்டியலைப் பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை படிக்கவேண்டும். அதை வெட்டாமல் விடும் இயக்குநர் கிடைத்தால் போதும்.