முன் சீற்றில் இரண்டு பேர்

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் வானை ஸ்ரார்ட் பண்ணினால் முதல் ஒரு நிமிடம் கீச்சென்று கத்துகிறது. பான் பெல்ட்தான். இப்படிக் கத்தத் தொடங்கி இரண்டு கிழமையாகிறது. "உதை ஒருக்காக் காட்டிப்போட்டுப் போவமே?" என்று மனுசி இன்றைக்கும் கேட்டாள். சித்திரை வருசம் நெருங்க நெருங்கக் கராஜ்காரருக்குத் தலைக்கு மேல் வேலை, போய்வந்து பார்க்கலாம் என்றேன். சனி விடிய மன்னாருக்கு, மச்சாள் வீட்டுக்கு. நாங்கள் இரண்டு பேர், அம்மா, பிள்ளைகள் மூன்று.

ஏப்ரல் 12, சனி இரவு

இதை மன்னாரில் இருந்து எழுதவில்லை. வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். நாவற்குழியில் திரும்பி, கேரதீவு கடந்து சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறினதும் அம்மா வழமைபோல் பாதை ஓடின காலத்துக் கதையைத் தொடங்கினா. "பாதை எண்டா றோட்டுத்தானே, அது எப்பிடி மிதக்கும்?" என்றான் சின்னவன். பாலம் திறந்தது 2011இல். வாகனத்தை ஏற்றிக் கடலைக் கடந்த மிதவைக்குப் பெயரே பாதை என்பதை அவனுக்கு விளங்கப்படுத்தி முடியப் பூநகரி வந்துவிட்டது.

பூநகரி தாண்டி முழங்காவிலுக்கு முன்னம் 'டப்' என்று ஒரு அடி. கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பெல்ட் தானாகச் சரிவந்துவிட்டதாக்கும் என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பெற்றரி விளக்கு எரிந்தது, ஸ்ரியறிங் கல்லாக இறுகியது, சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. தண்ணீர்ப் பம்பும் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அது நின்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடாது. எங்கள் வானுக்கு எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே என்றபடியால் முள்ளைப் பார்க்கவே தேவையில்லை. ஓரம்கட்டி சீற்றைத் தூக்கினேன். பெல்ட் தேங்காய்த் தும்பு மாதிரிப் பிரிந்து கிடந்தது.

"தண்ணியை ஊத்து தம்பி" என்றா அம்மா. கொதிக்கிற றேடியேற்றரின் மூடியைத் திறந்தால் முகத்தில்தான் பாயும். முதலில் ஆறட்டும் என்றேன்.

காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அடித்தேன். கனநேரம் பாட்டு ஓடி, பிறகு ஒரு பிள்ளை மரியாதையாகக் கதைத்தது. "கிட்டடியில என்ன ரவுண் சேர்?" பூநகரி என்றேன். "அது எந்த மாவட்டம்?" கிளிநொச்சி. கிலோமீற்றர் கல்லில் என்ன இலக்கம் என்று கேட்க, மூத்தவள் ஓடிப்போய் வாசித்து வந்தாள். வான் இலக்கம், பொலிசி இலக்கம், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் கேட்டார்கள். எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எட்டு மாதக் குழந்தை நிற்கிறது என்று நானாகத்தான் சொன்னேன். "நோட் பண்ணியிருக்கிறன் சேர்." ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். மூன்றேகால் எடுத்தது.

சித்திரை வெயிலில், எஞ்சின் கொதித்த வானுக்குள் பிள்ளைகளை வைத்திருக்கேலாது. கொஞ்சத் தூரத்தில் வீதியை விட்டு உள்ளுக்கு ஒரு வேம்பு நின்றது. அம்மா தன் மாற்றுச் சீலையைக் கொப்பில் கட்டி ஏணை போட்டா. குழந்தை அதில் ஒரு மணித்தியாலம் நித்திரை. அன்றைக்கு ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான். நான் சாரத்தை விரித்தேன், சின்னவன் அதில் இருக்காமல் மாட்டுச் சாணம் எண்ணப் போனான்.

தண்ணீர்தான் பிரச்சினை. பத்தரைக்குக் கையில் ஒரு போத்தல் மிச்சம். றேடியேற்றருக்கா, குழந்தையின் மாவுக்கா என்று நான் வாயைத் திறக்க முதலே மனுசி போத்தலைத் தன் மடிக்குள் வைத்துவிட்டாள்.

நின்று பார்த்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் பெல்ட் அறுந்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து ஒரு கான் தண்ணீர் வைத்துவிட்டு, "கானை மரத்தடியில வச்சிட்டுப் போங்கோ அண்ணை" என்று போனார்.

கம்பனி அனுப்பின கரியர், வாகனம் ஏற்றுகிற லொறி, வந்ததும்தான் உண்மையான சிக்கல். வானை ஏற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஏற்றி முடிய அந்தத் தம்பி தலையைச் சொறிந்தான். "அண்ணை, முன்னுக்கு ரெண்டு பேர்தான். மேல ஏத்தின வாகனத்துக்குள்ள ஆக்களை இருத்தேலாது." அவனிலே பிழையில்லை, கட்டின வாகனத்துக்குள் பிள்ளைகளை வைத்து ஓடுவது விளையாட்டில்லை. ஆனால் நாங்கள் ஆறு பேர். வானை வீட்டுக்குக் கொண்டுபோக ஆயத்தமாக இருந்தவர்களிடம், அதற்குள் இருந்த ஆக்களுக்கு ஒரு வழியும் இல்லை. போன் எடுத்துக் கேட்டேன். "அது எங்கட சேவையில வராது சேர்."

கடைசியில் மன்னாரில் இருந்து வந்த இ.போ.ச. பஸ்ஸை மறித்தோம். வருசத்துச் சனம், நெரிசல். குழந்தையைக் கண்டதும் ஒரு பெடியன் எழும்பி மனுசிக்கு இடம் விட்டான். அம்மாவும் மூத்தவளும் பைகளுக்கு நடுவில். நானும் சின்னவனும் கரியரில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வான் கராஜ் வாசலில் நிற்கிறது. கராஜும் பூட்டு, பாகக் கடைகளும் பூட்டு. வாங்கி வைத்த பனங்கட்டியை மச்சாளுக்கு எப்படி அனுப்புவது என்பதுதான் இன்றைய கதை.

ஏப்ரல் 14, திங்கள்

மருத்துநீர், கோயில், கைவிசேஷம். வந்த ஆக்கள் எல்லாரிடமும் சின்னவன் லொறியில் வந்த கதை சொல்கிறான். கதைக்குள் இப்போது ஒரு யானையும் வந்துவிட்டது. நான் மறுக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பெல்ட்டை இறுக்கி வைக்கிற கப்பியின் பெயறிங் இறுகிப்போயிருந்ததாம். கீச்சுச் சத்தம் அதுதான். உடனே நிறுத்தினபடியால் எஞ்சின் தப்பியது என்றார் மெக்கானிக் அண்ணை. நான் பெருமைப்பட முதல், "ரெண்டு கிழமைக்கு முதல் கொண்டு வந்திருந்தா ஒரு மணித்தியால வேலை" என்றும் சொன்னார். கப்பி, பெல்ட், கூலி எல்லாம் 14,500 ரூபா. கரியருக்கு இலவசத் தூரத்துக்கு மேல் ஓடினதற்கு 6,500. கைகாவலுக்கு இன்னொரு பெல்ட்டும் வாங்கி சீற்றுக்குக் கீழே போட்டிருக்கிறேன். ஐந்து லீற்றர்க் கான் இரண்டு, ஒன்றில் மனுசி பெயின்ரால் 'குடிக்க' என்று எழுதிவிட்டாள்.

பொலிசிக் கடதாசியை முதல்முறையாக முழுக்க வாசித்தேன். வாகனத்தை எவ்வளவு தூரம் இழுப்பார்கள், ரயர் மாற்றுவார்களா, பெற்றரிக்குக் கரண்ட் கொடுப்பார்களா எல்லாம் இருக்கிறது. பயணிகள் என்ற சொல் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

பின்னேரம் வானை ஸ்ரார்ட் பண்ணினேன். ஒரு சத்தமும் இல்லை. மனுசி வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"பின்னால ஏதோ கடகடக்குது."

எஞ்சினை நிறுத்தவில்லை. அப்படியே கராஜுக்குத் திருப்பினேன்.