'நூலில்' என்று எழுதி வாங்கிய அரியர்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் தடவை 75க்கு 31, இப்போது 58. எம்.ஏ. மெய்யியலில் எனக்கு இருந்த ஒரே அரியர் கிரேக்கத் தாள்தான். அதிலும் கவிழ்த்தது நான் ரசித்துப் படித்த முதல் அலகு: சாக்ரடீஸுக்கு முந்தைய சிந்தனையாளர்கள்.

போன தடவை விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். அந்த வரிசையில் முதல் ஆள் மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ். 'தேலீஸ் தம் நூலில் எல்லாவற்றுக்கும் மூலம் நீரே என்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். 'நூலில்' என்பதன் கீழே சிவப்புக் கோடு, பக்கத்தில் கேள்விக்குறி. கோபம்தான் வந்தது. கைடில் அப்படித்தானே இருந்தது! அப்புறம் தேடினால், தேலீஸ் எழுதியதென்று நம்பத்தக்க ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நீர் என்ற செய்தியே இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதிய அரிஸ்டாட்டில் வழியாகத்தான் நமக்கு வருகிறது. அவரும் காரணத்தை ஊகமாகத்தான் சொல்கிறார்: உணவெல்லாம் ஈரமாயிருப்பதைக் கண்டு ஒருவேளை அப்படி நினைத்திருக்கலாமாம்.

அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பென்சிலால் ஏ அல்லது பி. இந்தச் சிந்தனையாளர்களின் எஞ்சிய துணுக்குகளை 1903இல் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் தொகுத்த முறை இது. பிறர் தந்த செய்தி ஏ, அவரவர் சொந்தச் சொல் பி. என்னைக் கேட்டால் இந்த அலகுக்கு இது ஒன்றே போதும். அட்டவணை போட்டுப் படிப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அட்டவணை ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

- அனாக்சிமாண்டர்: கிடைப்பது ஏறக்குறைய ஒரே வாக்கியம். அதைக் காப்பாற்றித் தந்தவர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ். இடைவெளி ஆயிரம் ஆண்டு! மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை.
- ஹெராக்ளிட்டஸ்: 'எல்லாம் ஓடுகிறது' என்பதை மேற்கோள்குறிக்குள் போடாதீர்கள், அது ஏ. ஒரே ஆற்றில் இறங்குவோர் மேல் வேறு வேறு நீர் பாய்கிறது என்ற வரியை எழுதுங்கள், அது பி.
- பித்தாகரஸ்: தேற்றம் வேண்டாம். ஆய்வாளர் வால்டர் பர்கெர்ட் 1962இல் காட்டியது மறுபிறப்பும் வாழ்க்கை ஒழுங்கும் போதித்த ஆசானை.
- பார்மெனிடீஸ்: எழுதியது கவிதை. நிறைய மிஞ்சியதற்குக் காரணமும் சிம்ப்ளிசியஸ்தான். நூல் அரிதாகிவிட்டது என்று சொல்லியே நீளமாக எடுத்து எழுதினார்.

அமெரிக்க ஆய்வாளர் ஹெரால்ட் செர்னிஸுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அரிஸ்டாட்டில் முன்னோர்களைத் தம்முடைய காரணக் கொள்கைக்கு ஏற்ப வளைத்துவிட்டார் என்று 1935இல் வாதிட்டவர் அவர். ஆனால் அவர் பின்னாலேயே போய்விடாதீர்கள். அரிஸ்டாட்டிலைத் தூக்கி எறிந்தால் தேலீஸ், அனாக்சிமாண்டர் போன்ற மிலேட்டஸ்காரர்களைப் பற்றி எழுத நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தத் தடவை மிலேட்டஸ் கேள்வியே வந்தது. சந்தோஷத்தில் சான்றுகளைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்தால் இருபது நிமிடம்தான் பாக்கி. காசு வாங்கிக்கொண்டு பேச்சுக்கலை கற்பித்த சோஃபிஸ்டுகளுக்கு அரைப் பக்கம்தான் கொடுக்க முடிந்தது. அதற்கு எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது, நகல் வாங்கிப் பார்க்கவும் போவதில்லை.