ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்ணோடு கொஞ்ச நாள்

293318625600. சத்தமாகப் படித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜன் 1915இல் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரையில் 6746328388800 வரை போகும் ஒரு பட்டியல் உண்டு. அதில் இருந்திருக்க வேண்டிய இந்த எண் எப்படியோ விட்டுப்போனது. அத்தனையையும் கையால் போட்டவருக்கு ஒன்று தவறியதில் எனக்கு வியப்பில்லை. மற்றவை சரியாக விழுந்ததுதான் வியப்பு.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் இருந்தால் அது உயர் பகு எண். 12க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் நாலுக்கு மேல் கிடையாது.

முதலில் தாளில் உடைத்தேன். 2ஆல் ஆறு தடவை வகுத்ததும் 4583103525 வந்து நின்றது. 5ஆல் இரண்டு தடவை: 183324141. 3ஆல் நாலு தடவை: 2263261. 7ஆல் இரண்டு தடவை: 46189. இந்தக் கடைசி எண் பார்க்கத்தான் முரடு; 11, 13, 17, 19 நான்கையும் பெருக்கினால் வருவது அதுதான். அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள். 1 முதல் 40 வரை 23, 29, 31, 37 மட்டும்தான் இதை வகுக்காது.

சரி, இதைவிடச் சிறிய எண் எதற்கும் 5040 காரணிகள் இல்லை என்று எப்படி நம்புவது? ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் பெரிய பகா எண்ணின் அடுக்கு சிறியதன் அடுக்கைவிட அதிகமாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே அதே காரணிகளோடு சின்ன எண் கிடைத்துவிடும். அதனால் அடுக்குகள் இறங்குமுகமாக உள்ளவற்றைப் பார்த்தால் போதும். முதல் 12 பகா எண்களின் பெருக்கலே நம் எண்ணைத் தாண்டிவிடுவதால், 31க்கு மேலும் போக வேண்டாம். பைத்தானில் சின்ன நிரல்தான், உடனே முடிந்தது. 195545750400க்கு 4608 காரணிகள். அதற்கடுத்து நம் ஆள், 5040.

இதற்கு அடுத்து வருவது இன்னும் சுவாரசியம். நம் எண்ணை 21ஆல் வகுத்து 23ஆல் பெருக்கினால் 321253732800. ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் கொடுத்துவிட்டு ஒரு 23ஐ வாங்குகிறோம். எண் பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காரணிகளோ 5376 ஆகிவிட்டன. இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால் கையால் தேடும்போது நடுவிலிருப்பது கண்ணில் படாமல் போயிருக்கலாம். இது என் ஊகம்தான்.

அப்புறம் ஒரு விளையாட்டு. 5040ம் உயர் பகு எண்தான், அதற்கு 60 காரணிகள். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. எல்லாமே உயர் பகு எண்கள். 4க்கு 3 என்று வரும்போதுதான் வரிசை அறுகிறது. பட்டியலில் வேறு எந்த எண் இத்தனை படி இறங்குகிறது என்று பார்க்க நிரலில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.