ரி4 தாளும் நூற்றறுபது ஏக்கரும்

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரிக் கடைசியில் இருந்து ஏப்ரல் 30 வரை, கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்டனில் உள்ள என் வீட்டின் நிலக்கீழறை ஒரு சிறு அலுவலகமாகிவிடும். பகலில் ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதுகிறேன். மாலையில் தெரிந்தவர்களுக்கும், அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளில் இந்த மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் எம்மவர்கள், இலங்கைத் தமிழர். பழைய வேலைத்தோழர் ஒருவரின் சொல்லை நம்பி, நகருக்குக் கிழக்கே வெக்ரவில் பக்கத்தில் இருந்து உக்ரேனிய வம்சாவளி விவசாயிகள் சிலரும் வருகிறார்கள். 2023இல் இருந்து, போருக்குத் தப்பி உக்ரேனில் இருந்து நேரே வந்த பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்த ஆண்டு ஒரு மாலை, எழுபதை நெருங்கும் ஒரு விவசாயத் தம்பதியர் தாள்களைத் தந்துவிட்டுப் புத்தம்புதிய பிக்கப் ட்ரக்கில் ஏறிப் போனதை, அடுத்து வந்து காத்திருந்த நம்மவர் ஒருவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, உவையளும் எங்களை மாதிரி வெளியிலை இருந்து வந்த ஆக்கள்தானே, எப்பிடி இவ்வளவு வசதியா இருக்கினம்?" என்று கேட்டார். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுத வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் விடவில்லை. வாடிக்கையாளர்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். தொகைகளைச் சற்று நகர்த்தியிருக்கிறேன், ஆனால் எது பெரிது எது சிறிது என்பதை மாற்றவில்லை.

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கனடாவின் குடிசன மதிப்பீட்டில் "குடிவரவாளர்" என்பது ஒரு சட்டநிலை: எப்போதாவது நிரந்தர வதிவுரிமை பெற்றவர் என்று பொருள். 2021இல் அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 83 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 23 வீதம். "உக்ரேனிய வம்சாவளி" என்பதோ சட்டநிலை அன்று. உங்கள் முன்னோர் யார் என்ற கேள்விக்கு ஒருவர் தாமே எழுதும் விடை. அப்படி எழுதியவர்கள் அதே ஆண்டில் சுமார் 12.6 இலட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பலர் உக்ரேனியரோடு ஸ்கொட்லாந்தையோ ஜேர்மனியையோ போலந்தையோ சேர்த்து எழுதியவர்கள். உக்ரேனின் லிவிவ் நகரில் இருந்து பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த மென்பொருள் பொறியாளர் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறார். உக்ரேனின் தெற்கில் இருந்து 1874இல் மனிற்றோபாவுக்கு வரத் தொடங்கிய மெனனைற் சமயத்தாரின் பிள்ளைகளில் பலர் தங்களை ஜேர்மன் வழி என்று எழுதுவதால், புறப்பட்ட நிலம் உக்ரேனாக இருந்தும் இந்தக் கணக்கில் வருவதில்லை. 1891 தொடக்கம் 1914 வரை வந்த ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியரும் பெரும்பாலும் ஒஸ்திரியப் பேரரசின் கடவுச்சீட்டோடு வந்து, கலீசியர், புக்கோவினர், ருதீனியர், சில வேளைகளில் வெறும் "ஒஸ்திரியர்" என்றே பதியப்பட்டவர்கள். ஆகவே வம்சாவளியினரின் சராசரி வருமானத்தையும் குடிவரவாளரின் சராசரி வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, நான்கு தலைமுறை வளர்ந்த மரத்தையும் போன ஆண்டு நட்ட கன்றையும் ஒரே கோலால் அளப்பது போன்றது.

கோல் எதுவென்பதும் கவனிக்க வேண்டியதே. 2016 மதிப்பீட்டில் இருந்து கனடாவில் யாரிடமும் வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வருமான வரித் திணைக்களத்தின் பதிவுகளில் இருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, என் நிலக்கீழறையில், படிவத்தில் மொத்த வருமானம் எழுதும் 15000ஆம் வரியில் நான் நிரப்பும் தொகைதான் பிறகு அட்டவணைகளில் ஒரு துளியாகப் போய்ச் சேர்கிறது. அந்த வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது படிவம் நிரப்புகிறவனுக்குத் தெரியும்.

அந்தத் தம்பதியரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பழைய பிஸ்கற் பெட்டியில் அவர்கள் கொண்டுவருபவை: எரிபொருள் பற்றுச்சீட்டுகள், விதை, உரம், தானியம் வாங்கிச் சேமிக்கும் நிலையத்தில் கொடுத்த கனோலா எண்ணெய் விதைக்கான சீட்டு, முதியோர் ஓய்வூதியத் துண்டு. ரி4 என்ற சம்பளத் தாள் அவர்களிடம் ஒருபோதும் இருப்பதில்லை. எல்லாச் செலவையும் கழித்தபின் எஞ்சும் பண்ணை வருமானம் சில ஆண்டுகளில் பத்தாயிரம் டொலர், சில ஆண்டுகளில் நட்டம். வருமானத்தை மட்டும் பார்த்தால் வறிய குடும்பம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பண்ணைக்குள் கணவரின் பாட்டனார் பெற்ற 160 ஏக்கர் இன்னும் இருக்கிறது; தந்தை வாங்கிச் சேர்த்தது அதைவிடப் பெரிது. இன்று விற்றால் மில்லியன் கணக்கில் போகும். அந்தத் தொகை 15000ஆம் வரியில் எங்கும் இல்லை.

அந்த 160 ஏக்கர் வந்த கதை நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. 1895இல் ஒசிப் ஒலெஸ்கிவ் என்ற வேளாண்மைப் பேராசிரியர், அன்று ஒஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவின் உக்ரேனிய விவசாயிகளுக்காகக் கனடாவின் இலவச நிலங்களைப் பற்றிச் சிறு நூல் எழுதினார். தாமே அவ்வாண்டு வந்து புல்வெளி மாகாணங்களைச் சுற்றியும் பார்த்தார். 1896இல் உள்நாட்டு அமைச்சரான கிளிஃபர்ட் சிஃப்ற்றன் கிழக்கு ஐரோப்பிய விவசாயிகளை வரவழைப்பதையே கொள்கையாக்கினார். பதிவுக் கட்டணம் 10 டொலர் கட்டி, குறித்த அளவு நிலத்தை உழுது, வீடு கட்டி, மூன்று ஆண்டு குடியிருந்தால் 160 ஏக்கர் சொந்தம். கலீசியாவில் சில ஏக்கரை நாலு பிள்ளைகளுக்குப் பங்கு போட வேண்டியிருந்தவனுக்கு இது கனவில் வந்த காணி. முதல் பனிக்காலத்தைப் பலர் கழித்தது "புர்தேய்" என்று அவர்கள் சொல்லும் குழி வீட்டில்: தரையைத் தோண்டி, மேலே மரக்கொம்பும் புல்மண்ணும் போட்டு மூடிய ஒற்றை அறை. எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள உக்ரேனியப் பண்பாட்டுக் கிராமத்தில் அப்படியொன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். குனிந்து உள்ளே போனபோது, நான் வந்த புதிதில் ஐந்து பேரோடு குடியிருந்த பேஸ்மென்ட் அறை அரண்மனை என்று தோன்றியது. ஆண்கள் தண்டவாள வேலைக்கும் சுரங்கத்துக்கும் போய்ப் பணம் தேட, பெண்களே நிலத்தைத் திருத்தினார்கள்.

இலவசம் என்றாலும் யாரோ இழந்ததுதான் அந்த நிலம். அரசு பூர்வகுடிகளோடு 1876இல் செய்த ஆறாவது உடன்படிக்கை வழியாகக் கிறீ மக்களும் ஏனைய பூர்வகுடிகளும் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்ட பிறகே அது அளந்து கொடுக்கப்பட்டது. வம்சாவளியினரின் செல்வத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலம் கிடைத்ததும் வசதி வந்துவிடவில்லை. முதல் உலகப்போரில் ஒஸ்திரியா எதிரி நாடானதால், ஒஸ்திரியக் கடவுச்சீட்டே குற்றமாகி, 1914 தொடக்கம் 1920 வரை 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் உக்ரேனியர். பான்ஃப் பூங்காவுக்கு இன்று சுற்றுலாப் போகிறவர்கள் ஓடும் சாலைகளில் சில, காஸில் மலை முகாமில் இருந்தவர்கள் போட்டவை. மேலும் ஏறத்தாழ 80,000 பேர் பொலிஸில் பதிந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1917இல் பலருடைய வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. அதன்பின் 1930களின் மந்தமும் வறட்சியும் வந்தன. வந்து 20, 25 ஆண்டில் அவர்களுடைய நிலைமையைப் பார்த்திருந்தால், நம்மவர் கேட்ட கேள்விக்கே இடமிருந்திருக்காது. 1983க்குப் பின் வந்த நம்மவர்கள் 25 ஆண்டில் சேர்த்த வீடு, கடை, பிள்ளைகளின் பட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால், அவர்கள் அப்போது பின்தங்கியே இருந்தார்கள் என்பது என் எண்ணம். இரண்டு காலமும் ஒன்றல்ல, அவர்களுக்கு அன்று அரச மருத்துவமும் இல்லை, பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் இல்லை என்பதையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

திருப்பம் வந்தது மண்ணில் இருந்து மட்டும் அன்று. 1947 பெப்ரவரி 13 அன்று எட்மன்டனுக்குத் தெற்கே லெடுக்கில் எண்ணெய் பீறிட்டபோது, இந்த மாகாணத்தில் ஏற்கெனவே வேரூன்றி, ஆங்கிலத்தில் படித்து, டிராக்டர் திருத்தத் தெரிந்த ஒரு தலைமுறை பண்ணைகளில் வளர்ந்திருந்தது. 1887க்குப் பின் கொடுத்த காணிகளில் அடிநிலத்துக் கனிமம் அரசுக்கே என்பதால் எண்ணெய் அவர்கள் கைக்கு வரவில்லை, வேலைதான் வந்தது. அவர்கள் எட்மன்டனுக்கு வந்து ஆசிரியர்களாகவும் வெல்டர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். 1898இல் அன்ட்ரூ என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியேறியவர்களின் பேரனும், தாமும் விவசாயியுமான எட் ஸ்டெல்மாக் 2006இல் அல்பேர்ட்டாவின் முதல்வரானார். இடையில் ஓடியவை 108 ஆண்டுகள். இன்று வம்சாவளியினரின் சராசரி நன்றாக இருப்பதில் அல்பேர்ட்டாவின் சம்பள மட்டத்துக்கும் பங்குண்டு. அதே மக்கள் வேறொரு மாகாணத்தில் பெருந்தொகையாகக் குடியேறியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

சேர்ந்தது கைமாறும் விதத்தில் சட்டமும் துணை நிற்கிறது. தகுதியுள்ள பண்ணை நிலத்தை, உழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு மாற்றும்போது மூலதன ஆதாய வரியை, அதாவது சொத்தின் விலை ஏறியதற்கான வரியை, ஒத்திவைக்கலாம். விற்றாலும் ஒருவர் வாழ்நாளில் 12.5 இலட்சம் டொலர் வரையிலான ஆதாயத்துக்கு வரி இல்லை. இந்தச் சலுகையை அந்தத் தம்பதியருக்கு விளக்கிய மாலை, எம்மவர் ஒருவருக்கு இரண்டு ரி4 தாள்களைக் கூட்டி, இரண்டாம் வேலையில் வரி குறைவாகப் பிடித்ததால் கட்ட வேண்டிய 1,900 டொலரை எப்படித் தவணையில் கட்டலாம் என்றும் விளக்கினேன்.

குடும்ப வருமானம் என்ற அளவும் ஏமாற்றும். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஆறு பேர், நால்வர் உழைக்கிறார்கள், மொத்தம் 1,20,000 டொலர். என்னிடம் வரும் இன்னொரு உக்ரேனிய வம்சாவளித் தம்பதியர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஓய்வூதியம் 75,000. மேலோட்டமாக முதல் வீடுதான் வசதியானது. புள்ளிவிவரத் துறை செய்வதுபோல ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், முதல் வீட்டுக்கு ஏறத்தாழ 49,000, இரண்டாவதற்கு 53,000. முதல் வீட்டில் மாதந்தோறும் மோட்கேஜ் போகிறது. இரண்டாவது வீட்டின் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த ஆசிரியர்களின் பேரப்பிள்ளைகள் கடனில்லாத ஒரு வீட்டைப் பின்னணியாகக் கொண்டு வாழ்வைத் தொடங்குகிறார்கள். நம்மவர் பிள்ளைகள் பெற்றோரின் மோட்கேஜுக்குக் கைகொடுத்தபடி தொடங்குகிறார்கள்.

படிப்பில் குடிவரவாளர் பின்தங்கியவர்கள் அல்லர். படிப்புக்கும் தொழிலுக்கும் புள்ளி போட்டு ஆட்களைத் தெரியும் புள்ளி முறை 1967இல் வந்தபின் கனடா படித்தவர்களையே தேர்ந்தெடுத்து அழைக்கிறது. ஆனால் 2021 மதிப்பீட்டின்படி, வெளிநாட்டுப் பட்டத்தோடு வேலை செய்பவர்களில் நால்வரில் ஒருவருக்கும் மேல், உயர்பள்ளிப் படிப்பே போதுமான வேலைகளில் இருக்கிறார்கள். ஒலெஸ்கிவ் அழைத்த விவசாயியிடம் கனடா கேட்டது அவருக்குத் தெரிந்த தொழிலை. இன்று வரும் பொறியாளரிடம் அவருடைய தொழிலைச் சொல்லித்தான் அனுமதி கொடுக்கிறது; வந்தபின் அதைச் செய்ய விடுவதில்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டுபவர்கள் உக்ரேனில் இருந்து இப்போது வந்தவர்கள்தாம். 2022 மார்ச் 17 அன்று உக்ரேனியருக்காகக் கனடா தொடங்கிய அவசரப் பயணத் திட்டத்தின்கீழ், 2024 மார்ச் இறுதிக்குள் ஏறத்தாழ 2,98,000 பேர் வந்தார்கள். அவர்கள் தற்காலிக வதிவாளர்கள். நிரந்தர வதிவுரிமை பெறும்வரை புள்ளிவிவரத்தில் "குடிவரவாளர்" அல்லர். இனமும் மொழியும் உக்ரேனியம்; ஆனால் பொருளாதார நிலையில் அவர்கள் நிற்பது ஸ்டெல்மாக்கின் உறவினர்கள் பக்கம் அன்று, நம்மவர்கள் பக்கம். என்னிடம் வரும் ஒருவர் கார்கிவ் நகரில் வங்கியில் கணக்காய்வு செய்தவர். இங்கே விடுதியில் அறை துப்புரவு செய்கிறார். வார இறுதியில் வெதுப்பகத்தில் நிற்கிறார். முதல் முறை வந்தபோது தம் செலவுகளையெல்லாம் நெடுவரிசை போட்டு, சிவப்பு மையில் மொத்தம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் மூன்று இடத்தில் கூட்டிப் பார்த்தேன். ஒரு சதமும் பிழையில்லை. அவருக்கு இந்தப் படிவத்தை நிரப்ப நான் தேவையில்லை, ஆங்கிலம்தான் தேவை.

அடுத்த தடவை அந்த நம்மவர் வரித் திணைக்களம் அனுப்பிய மதிப்பீட்டு அறிவிப்போடு வந்தபோது, பெயர் சொல்லாமல் ஒரு கணக்கைச் சொன்னேன். விடுதியில் அறை துடைக்கும் அந்தப் பெண்ணின் 15000ஆம் வரியில் 38 ஆயிரம் சொச்சம். அவர் யன்னலால் பார்த்த விவசாயியின் 15000ஆம் வரியில் 29 ஆயிரம். படிவத்தின்படி அந்தப் பெண்தான் வசதியானவர் என்றேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப அந்த ட்ரக்?" என்றார்.

ட்ரக் பண்ணைக் கணக்கில் இருக்கிறது, அதன் தேய்மானத்தையும் கழித்துத்தான் அந்த 29 ஆயிரம் என்றேன்.