கல்பாக்கத்தோடு நின்ற பயணம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சைக்கிளில் போவதென்றால் சுமார் 150 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் பெரிதாகக் கிடையாது. திருவான்மியூரில் இருட்டோடு கிளம்பினால் வெயில் ஏறுமுன் மாமல்லபுரத்தைத் தாண்டிவிடலாம். நாங்கள் நாலு பெண்கள் அப்படித்தான் கிளம்பினோம். எங்களில் மிதிப்பதில் கெட்டிக்காரி யாரென்று கேட்டால் மற்ற மூவரும் ஒருத்தியைத்தான் காட்டுவோம். எதிர்காற்று அடித்தால் அவள்தான் முன்னால் போவாள், நாங்கள் பின்னால் ஒட்டிக்கொள்வோம். அன்று கல்பாக்கத்தோடு நின்றுபோனவளும் அவள்தான்.

கால் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, சைக்கிளிலும் கோளாறு இல்லை. அவள் போட்டிருந்த, உட்காருமிடத்தில் மெத்தைபோல் பேடு வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்தான் காரணம். கடையில் 'யூனிசெக்ஸ்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் ஆண்களுக்குத் தைத்த ஸ்மால் சைஸ். இடுப்பில் தொளதொள, தொடையில் இறுக்கம். உள்ளே இருந்த பேடு முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் குறுகலாக இருந்தது. சீட்டில் உட்காரும்போது நம் எடையைத் தாங்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அதிகம். பேடு அந்த அகலத்துக்கு வராவிட்டால் எலும்பு அதன் ஓரத்தில், சரியாகத் தையல் ஓடும் இடத்தில் போய் உட்காரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. அத்தனை தடவையும் அந்தத் தையல் அதே இடத்தைத் தேய்க்கும். வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மாமல்லபுரத்தில் டீக்கு நிறுத்தியபோதே அவள் நின்றுகொண்டுதான் குடித்தாள். "உட்காரேன்டி" என்றதற்கு, "வேண்டாம்பா, நின்னாத்தான் நல்லாருக்கு" என்றாள். கல்பாக்கம் வந்ததும், "என்னால முடியலடி, நீங்க போங்க" என்று இறங்கிவிட்டாள். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் போய்ப் பார்த்தோம். தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் தோல் உரிந்து கன்றிச் சிவந்திருந்தது. ஒரு டாடா ஏஸைப் பிடித்துச் சைக்கிளை ஏற்றி அவளைச் சென்னைக்கு அனுப்பினோம். எனக்கு ஒரே ஆத்திரம். பாண்டிச்சேரி போய்த் திரும்பி வரும் அளவுக்குத் தெம்புள்ளவளை ஒரு தையல் வீட்டுக்கு அனுப்புகிறதே!

அது பள்ளி நேரம். அரசு கொடுத்த சைக்கிளில் மாணவிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சுடிதாருக்கு மேல் துப்பட்டா இல்லை, ஓவர்கோட். சக்கரத்தில் சிக்க எதுவும் தொங்காததால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன. துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டிய தலைமுறை நாங்கள். அந்த ஓவர்கோட்டை யோசித்தவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

உடனே சிலர் கேட்பார்கள்: 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அவர்களெல்லாம் புடவையிலும் தாவணியிலும்தானே ஓட்டினார்கள், உங்களுக்கு மட்டும் என்ன தனி உடை? அந்தப் பெண்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர்க் குடத்தோடு ஊருக்குள் போய்வருவதும், முன்னால் குனிந்தபடி பகல் முழுக்க மிதிப்பதும் ஒன்றல்ல. அதோடு, புடவை வசதியாக இருந்ததென்று அவர்களை யார் போய்க் கேட்டார்கள்?

தையலைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். முன்பு ஒருமுறை கடையில் நான் எடுத்த ஷார்ட்ஸை வாங்கி உட்புறம் திருப்பினார். "ஏங்கண்ணு, இது ஓவர்லாக் அடிச்சிருக்கு. பாரு, விளிம்பு எந்திரிச்சு நிக்குது. தோலோட ஒட்டுற துணிக்கு ஃபிளாட்லாக்தான் அடிக்கோணும். விரல வெச்சுத் தடவு, தடுக்குச்சுன்னா எடுக்காத." ஃபிளாட்லாக்கில் துணி விளிம்புகள் மேடு தட்டாமல் படிந்துவிடும். அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் உள்ளே கைவிட்டுத் தடவித்தான் பார்க்கிறேன். உலகத்துக்கே விளையாட்டு உடை தைத்து அனுப்பும் ஊர் திருப்பூர். தைப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். நம் ஊர்க் கடைகளிலோ பெண்கள் பகுதியில் நாலைந்து துணி தொங்கினால் அதிகம்.

வாயலூரில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. இங்கிருந்து மரக்காணம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பல பெண்கள் குடிப்பதில்லை, கழிப்பறைக்குப் பயந்து. இதிலும் உடைக்குப் பங்கு உண்டு. தோள்பட்டி வைத்த பிப் ஷார்ட்ஸ் இடுப்பை அழுத்தாது, பேடையும் நகரவிடாது, நீண்ட தூரத்துக்கு அதுதான் நல்லது. ஆண்களுடைய பிப் என்றால் பட்டி மார்பின்மேல் ஏறி அழுத்தும். பட்டி ஜெர்சிக்கு உள்ளே இருப்பதால் கழிப்பறைக்குப் போகவோ ஜெர்சியையே கழற்ற வேண்டும். பங்க் கழிப்பறையில் கொக்கியும் இல்லாத கதவுக்குப் பின்னால் அது நடக்கிற காரியமா? பெண்களுக்கென்று வெட்டியதில் சிலவற்றில் பின்பக்கம் ஒரு கிளிப் இருக்கும், சிலவற்றில் பட்டி இழுத்தால் நீளும். ஜெர்சியைத் தொடாமலே இறக்கிவிடலாம். என்னுடையது கிளிப் வைத்தது. அதனால்தான் பாட்டிலைக் காலி செய்துகொண்டே போக முடிந்தது.

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் இளநீர் குடித்தோம். அதற்குப் பிறகு கடல்காற்று எதிரே திரும்பியது. முன்னால் போக அவள் இல்லாததால் மூவரும் மாறி மாறி முன்னே போனோம். காற்றுக்குக் குனியும்போதுதான் ஜெர்சியின் லட்சணம் தெரியும். தோளுக்கு அளவெடுத்து இடுப்புக்கு எடுக்காத ஜெர்சி முதுகில் மேலேறிவிடும், வெயில் அந்தப் பட்டையைச் சுட்டுவிடும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி குனிந்து பாருங்கள். அப்புறம், பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி வேண்டாம். அதன் தையலும் தேய்க்கும்.

புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும் லாட்ஜில் முதல் வேலை துவைப்பது. மென்மையான சோப்பு போதும், வாசனைத் திரவம் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. பேடு வெளியே தெரியத் திருப்பி, ஃபேனுக்குக் கீழே போட்டுவிடுங்கள். பேடு தடிமன் என்பதால் காய நேரமெடுக்கும். மறுநாளும் மிதிப்பதாக இருந்தால் இன்னொரு ஜோடி கையிலிருக்கட்டும், ஈரத்தோடு போட்டால் தோல் புண்ணாகிவிடும்.