சக்கர நாற்காலியில் காமெடி ஷோ தொகுப்பாளர்: சேலம் ஆடிஷன் முதல் ஏற்காடு ஷூட் வரை

"லிப்ட் இருக்கு சார், தாராளமா வாங்க" என்று ஆடிஷனுக்குக் கூப்பிடுபவர் போனில் சொன்னால், உடனே கேட்க வேண்டியது: லிப்டுக்கு முன்னால் எத்தனை படி? கதவு எத்தனை சென்டிமீட்டர்? நான் ஆடிஷனுக்குப் போன, சேலம் ஐந்து ரோடு பக்கத்துக் கட்டடத்தில் படி ஏறித்தான் லிப்டையே பார்க்க முடிந்தது. கதவு அளவும் நாற்காலியின் கைவளையத்துக்கு (சக்கரத்தைக் கையால் தள்ளும் வெளி வளையம்) போதவில்லை. "தூக்கிக்கலாம்ணே" என்று பையன்கள் ஓடி வருவார்கள். கை வைக்கும் பகுதியைப் பிடிக்க விடாதீர்கள், பல நாற்காலிகளில் அது கழன்று வந்துவிடும். பெரிய சக்கரமும் வேண்டாம், சுழன்றுவிடும். முன்னால் இருவர் அடிச்சட்டத்தை, பின்னால் இருவர் தள்ளும் கைப்பிடிக்குக் கீழே உள்ள கம்பியை. பிரேக் போட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் புரொடியூசரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். ஃப்ளோர் மேனேஜர் நம்பரை வாங்கி, ஒரே பக்கத்தில் அளவுகளை வாட்ஸப்பில் அனுப்புங்கள்: நாற்காலி அகலம், உட்கார்ந்த நிலையில் கண் உயரம், மேஜைக்குக் கீழே முட்டிக்கு வேண்டிய இடம் (70 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் இடிக்கும்), கழிப்பறைக் கதவு. கடைசியாகச் சொன்னதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். தண்ணீர் குடிக்காமல் ஷூட் முழுக்கச் சமாளிப்பது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

ஆடிஷன் நன்றாகவே போனது. தகராறு பேப்பரில். "மெடிக்கல் ஃபிட்னஸ் கொண்டு வாங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். யூடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) காட்டினால், "இது ஊனத்துக்கு, நாங்க கேக்கறது உடம்புக்கு" என்று விளக்கம் வேறு. அந்த இடத்தில் சண்டைக்குப் போக வேண்டாம். "மத்த தொகுப்பாளர்கள் கொடுத்த ஃபிட்னஸ் மாதிரி ஒண்ணு காட்டுங்க சார், அதே மாதிரி வாங்கிட்டு வரேன்" என்று கேளுங்கள். யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 3-வது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது, 21-வது பிரிவு நிறுவனங்களுக்குச் சமவாய்ப்புக் கொள்கை வேண்டும் என்கிறது. இரண்டு எண்ணையும் மெயிலில் ஒரு வரியாகப் போட்டதும் ஃபிட்னஸ் பேச்சே எழவில்லை.

இன்னொரு பேப்பர் வில்லங்கம், இனிஷியல். யூடிஐடியில் 'கே.' என்று இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். சம்பளம் கணக்கில் ஏறாமல் நிற்பது இதனால்தான். ஆதாரை வைத்துப் பெயரைச் சரிசெய்யும் வேலையை ஒப்பந்தம் போடும் முன்பே முடித்துவிடுங்கள்.

இனி செட். சாய்தளத்துக்கு விதி 1-க்கு 12, அதாவது உயரம் 1 என்றால் நீளம் 12. மேடை 8 அங்குலம் என்றால் சாய்தளம் 8 அடி. ஆர்ட் ஆட்கள் 3 அடிப் பலகையைச் சாய்த்து "ரேம்ப் ரெடி" என்பார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். பிளைவுட் 12 மில்லிமீட்டராக இருந்தால் நடுவில் வளையும். 18 மில்லிமீட்டர் போட்டு, அடியில் ரீப்பர் கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். மேடையில் பஞ்சு கார்பெட் வேண்டவே வேண்டாம், முன் சக்கரம் புதைந்து, என்ட்ரி கொடுக்கும்போதே மூச்சு வாங்கும். காமெடிக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லும் முதல் ஜோக் செத்த ஜோக்.

கேமராவை நிற்பவர் உயரத்திலேயே விட்டுவிட்டால் உங்கள் நெற்றியும் வழுக்கையும்தான் தெரியும், கண் தெரியாது. லென்ஸை சுமார் 4 அடிக்கு இறக்கச் சொல்லுங்கள். வசனம் ஓடும் பிராம்ப்டர் திரை கேமராவோடு சேர்ந்தே இறங்கிவிடும். லைட்டையும் திரும்பச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புருவ நிழல் கண்ணில் விழும். கிரீன் மேட் (பின்னணியை மாற்ற விரிக்கும் பச்சைத் திரை) என்றால் பளபளக்கும் கைவளையத்தில் பச்சை அடிக்கும், பளபளக்காத கறுப்பு டேப் சுற்றினால் போதும். விருந்தினருக்கு அமுங்கும் சோபா கூடாது. நாம் குஷனோடு 20 அங்குல உயரத்தில் இருப்போம், அவர் பள்ளத்திலிருந்து அண்ணாந்து பேசுவார்.

காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை வழக்கம்போல் இடுப்புக்குப் பின்னால் செருகினால் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் நசுங்கி, ஒவ்வொரு அசைவுக்கும் கரகரக்கும். சாய்மானத்துக்குப் பின்னால் தொங்கும் பையில் போடுங்கள். மைக் கழுத்துப் பட்டியின் நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் குத்தினால் சக்கரம் தள்ளும்போது சட்டை உரசுகிற சத்தமும் ஏறும். முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்கள் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி உட்கார வேண்டும். இந்த இடைவேளையை கால்ஷீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்காடு ஷூட் கேட்டால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. 20 கொண்டை ஊசி வளைவிலும் காரின் பின்சீட்டில் உடம்பு இரண்டு பக்கமும் சாயும். சீட் பெல்ட் மட்டும் பத்தாது, இடுப்பின் இருபுறமும் தலையணை அடைத்துக்கொள்ளுங்கள். மேலே பனியில் கைவளையம் நனைந்து வழுக்கும், ரப்பர் பிடி உள்ள கையுறை கட்டாயம். புல்வெளியில் முன் சக்கரம் புதையும். நேராகத் தள்ளாமல் பின்பக்கமாக இழுத்துப் போகச் சொல்லுங்கள். சரிவில் நின்று பேசும் ஷாட் என்றால் நாற்காலி குறுக்குவாட்டில்தான் நிற்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஷூட் அனுமதிக்கு ஒரே அலுவலகம் போதும் என்று நினைக்காதீர்கள்: அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறை, படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். தனித்தனிக் கடிதம்.

நிகழ்ச்சி யோசனையோடு போகிறவர்கள் காலத்தையும் பாருங்கள். ஆடம் ஹில்ஸ் பிறவியிலேயே வலது பாதம் இல்லாத ஆஸ்திரேலியக் காமெடியன். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் சமயத்தில் சேனல் 4-ல் தொடங்கிய இரவு ஷோ, போட்டி முடிந்த பிறகும் ஓடுகிறது. நம் ஊரில் சாக்கு தேட வேண்டியதே இல்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வென்றவர். அடுத்தது 2028 லாஸ் ஏஞ்சல்ஸ். சேனல்கள் அந்த நேரத்தில்தான் நம் நம்பரைத் தேடும், அதற்கு ஒரு வருடம் முன்பே பைலட் (மாதிரி எபிசோடு) கையில் இருக்க வேண்டும்.

மிச்சம் எடிட்டிங். நாற்காலி தெரியாதபடி எல்லாவற்றையும் குளோசப்பில் வெட்டிவிடுவார்கள். சக்கரத்தை வைத்துச் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள், சக்கரமே தெரியாதே. அறிமுகத்தில் 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று எழுத்து ஓடும், பின்னால் வயலின் அழும். அழுதபிறகு யார் சிரிப்பார்? ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வரி: தொடக்கத்தில் முழு உருவ ஷாட் ஒன்று, அறிமுக வாசகத்துக்கும் இசைக்கும் தொகுப்பாளர் ஒப்புதல். எனக்கு இரண்டும் கிடைத்தது, முதல் எபிசோடு அப்படியே ஒளிபரப்பானது. இரண்டாவதில் அதே எடிட்டர் வயலினை மறுபடி ஒட்டிவிட்டார். கேட்டால், "அக்ரிமென்ட்ல முதல் எபிசோடுன்னு தானே சார் நினைச்சேன்" என்றார். 'எல்லா எபிசோடுக்கும்' என்று எழுத்தில் இருக்கட்டும்.