டயரை விட்டு டைரக்ட் டிரைவுக்கு

வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்திவைத்து ஓட்டுகிற ட்ரெய்னரை மாற்றிவிட்டேன். பின்சக்கரத்தை ஓர் உருளைமேல் அழுத்தி ஓட்டுகிற பழைய வகையை விட்டு, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு செயினை ட்ரெய்னரின் கேசட்டில் (பின் பல்சக்கர அடுக்கில்) மாட்டுகிற டைரக்ட் டிரைவ் வகைக்கு வந்திருக்கிறேன். வாங்கியது வாஹூவின் கிக்கர் கோர், முதல் தலைமுறை. மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் படித்ததெல்லாம் அதிகபட்ச வாட், அதிகபட்ச ஏற்றம், துல்லியம் என்று மூன்று எண்களையே சுற்றி வந்தது. ஓட்டிப் பார்த்தபின் எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு.

முதலில் பழையதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. வீட்டுக்குள் ஒழுங்காகப் பயிற்சி செய்ய முடியும் என்று எனக்குக் காட்டியதே அதுதான். ஆனால் அந்த வகையில் காலுக்கும் தடை கொடுக்கும் ட்ரெய்னர் பிரேக்குக்கும் நடுவில் ஒரு டயர் இருக்கிறது. டயரில் காற்று எவ்வளவு, உருளையை எவ்வளவு இறுக்கியிருக்கிறோம், டயர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று எல்லாமே திரையில் தெரியும் வாட்டைப் பாதிக்கும். ஓட்ட ஓட்ட டயர் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடி, உருளும் தடை குறையும். காந்த பிரேக்கிலும் உலோகம் சூடானால் பிடிப்பு தளரும். அதனால்தான் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கியபிறகு ஸ்பின்டவுன் (வேகமாகச் சுற்றவிட்டு, மிதிப்பதை நிறுத்தி, வேகம் குறையும் விதத்தை வைத்து ட்ரெய்னரைச் சரிசெய்வது) செய்யச் சொல்கிறார்கள். செய்தேன், தவறாமல் செய்தேன். அப்படியும் நேற்றைய 180 வாட்டும் இன்றைய 180 வாட்டும் ஒன்றுதானா என்ற சந்தேகம் பயிற்சி முழுக்கக் கூடவே வரும். கால் கனமாக இருந்தால் நான் களைத்திருக்கிறேனா, டயர் சரியில்லையா? இதைத்தான் நான் மாற்ற நினைத்தேன். இன்னும் வேகமாக ஓட்டுவது இரண்டாவது விஷயம்.

ஏற்றம் வந்தால் இன்னொரு சிக்கல். மெதுவான கியரில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், கால் கொடுக்கும் விசையோ அதிகம். அந்த நேரத்தில் டயர் உருளைமேல் சர்ரென்று வழுக்கிவிடும். எழுந்து நின்று மிதித்தால் கேட்கவே வேண்டாம். பெடலின் மேல்பகுதியைத் தாண்டியதும் கால் பட்டென்று கீழே விழும். அந்தச் சமயத்தில் வாட் எண் தலைதெறிக்க ஏறி இறங்கும்.

இப்போது புதியது. பொருத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தயங்குவது இங்கேதான். சைக்கிளில் எத்தனை ஸ்பீடோ, அதாவது பின்னால் எத்தனை பல்சக்கரமோ, அதே ஸ்பீடு கேசட் வேண்டும். கேசட் ஏறி உட்காருகிற ஃப்ரீஹப், கேசட்டுக்கு ஒத்ததா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்; ஷிமானோவின் வழக்கமான கேசட்டும் ஸ்ராமின் எக்ஸ்டிஆர் கேசட்டும் ஒரே ஃப்ரீஹப்பில் ஏறாது. 11 ஸ்பீடு ஃப்ரீஹப்பில் 9 அல்லது 10 ஸ்பீடு போடுவதாக இருந்தால் பின்னால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு மெல்லிய வளையம் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் கேசட்டைப் பிடித்துவைக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முடுக்கினாலும் கேசட் ஆடும். லாக்ரிங் முடுக்க 40 நியூட்டன் மீட்டர், அதாவது பயப்படாமல் நன்றாகவே இறுக்கலாம். கடைசிச் சில திருப்பில் பல் பதிந்த தகட்டின்மேல் பல் ஏறி டக், டக் என்று ஒலி வரும். எனக்கு அந்த ஒலி ரொம்பப் பிடிக்கும்.

சைக்கிளை ஏற்றியதும் இரண்டு கியரில் செயின் உரசிக்கொண்டு சலசலத்தது. சக்கரத்தின் கேசட்டும் ட்ரெய்னரின் கேசட்டும் ஒரே மாடலாக இருந்தாலும் உட்காரும் இடம் ஒரு மயிரிழை மாறும். பின் டிரெய்லியரில் (செயினைக் கியர் மாற்றும் கருவியில்) கேபிள் நுழைகிற இடத்தில் உள்ள திருகை கால் சுற்று திருப்பினேன், அடங்கிவிட்டது. திரும்ப ரோட்டுக்குப் போகும்போது அந்தக் கால் சுற்றைத் திருப்பி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளைவீல், அதாவது ட்ரெய்னரில் சுற்றுகிற கனமான சக்கரம்.

பெடல் மேலே நேர் உச்சியிலும் கீழே நேர் அடியிலும் இருக்கும்போது கால் கொடுக்கும் திருப்புவிசை மிகக் குறைவு. ரோட்டில் அது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் நம் உடம்பும் சைக்கிளும் சேர்ந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டமே காலை உச்சியைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். சைக்கிளோடு சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2,400 ஜூல். ஏற்றத்தில் 10 கிலோமீட்டருக்கு இறங்கினால் 270 ஜூல்தான். வேகம் மூன்றில் ஒன்று, ஆற்றல் ஒன்பதில் ஒன்று. சமவெளியில் 180 வாட் வழவழவென்று போவதும், அதே 180 வாட் ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியாகப் பிடுங்குவதும் இதனால்தான். கோரின் 5.4 கிலோ ஃப்ளைவீல் இந்த ஓட்டத்தைத்தான் வீட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. பழையதில் மிதிப்பதை நிறுத்தினால் உடனே நின்றுவிடும். இதில் நிறுத்தியபிறகும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஈஆர்ஜி முறையில் இது இன்னும் சுவாரசியமாகிறது. அந்த முறையில் கியர் எதுவானாலும் ட்ரெய்னர் நாம் சொன்ன வாட்டைப் பிடித்துவைக்கும். அப்படியானால் கியரால் என்ன பயன் என்று கேட்கலாம். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின்ரிங்கில் பெரியதில் போட்டால் ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றும், சமவெளி உணர்வு வரும். சின்னதில் போட்டால் மெதுவாகச் சுற்றும், ஏற்ற உணர்வு வரும். வாட் ஒன்றே, காலின் வேலை வேறு. மலைப்பாதை நிகழ்ச்சி எதற்காவது தயாராகிறவர்கள் சின்ன செயின்ரிங்கில் நேரம் போட வேண்டும் என்பது என் கருத்து. பெரியதிலேயே ஓட்டிப் பழகினால் எண் அழகாக இருக்கும். மலை ஏறும்போது கால் திணறும்.

ஈஆர்ஜியில் ஒரு பொறியும் உண்டு. 200 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்றில் மிதித்தால் திருப்புவிசை சுமார் 21 நியூட்டன் மீட்டர். களைப்பில் 60 சுற்றுக்கு இறங்கினால் ட்ரெய்னர் வாட்டை விடாமல் பிடித்து அதை 32 ஆக்கிவிடும். கால் இன்னும் மெதுவாகும், விசை இன்னும் ஏறும், கடைசியில் பெடல் சேற்றில் புதைந்ததுபோல் நின்றுவிடும். நல்ல ட்ரெய்னர் வேகமாகப் பதில் சொல்வதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. வழி எளிது: வாட்டைப் பத்து சதவீதம் இறக்குங்கள், அல்லது சில நொடி மிதிப்பதை நிறுத்திவிட்டு வேகமான சுற்றில் மறுபடி பிடியுங்கள். சுற்று குறையும்போது பல்லைக் கடித்துத் தாங்குவதில் பயனில்லை.

என் தம்பி வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "அக்கா, இது 16 சதவீத ஏற்றம் வரைக்கும்தானா? டாக்ஸ் நியோ ட்ரெய்னர் 25 வரைக்கும் போகுமே?"

"16-ல நீ எந்த கியர்ல ஏறுவடா?" என்றேன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதே 70 கிலோவை 16 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டரில் கொண்டுபோகவே 180 வாட் வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் அந்த வேகத்தில் கால் நிமிடத்துக்கு 39 தடவைதான் சுற்றும். ட்ரெய்னரின் எல்லை வருவதற்கு முன்னால் கியரின் எல்லை வந்துவிடுகிறது. போதாததற்கு, ட்ரெய்னரோடு இணைத்துத் திரையில் கற்பனைப் பாதைகளில் ஓட்டுகிற ஸ்விஃப்ட் செயலியில் ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி என்ற அமைப்பு ஆரம்பத்தில் 50 சதவீதத்தில் இருக்கும்; 10 சதவீத ஏற்றம் காலுக்கு 5 சதவீதமாகத்தான் தெரியும். அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் திரையில் உள்ள வேகத்தைத் தீர்மானிப்பது நம் வாட்தான். நியோ அருமையான கருவி, அதில் சந்தேகமில்லை. கனமான ஃப்ளைவீல் இல்லாமல் காந்தத்தாலேயே ஓட்ட உணர்வைக் கொடுக்கிறது, மின்சாரம் இல்லாமலும் ஓடும். அதை அந்தக் காரணங்களுக்காக வாங்கலாம். 25 என்ற எண்ணுக்காக வாங்க வேண்டாம்.

கோரின் 1,800 வாட் உச்சத்துக்கும் இதே பதில்தான். வேகப் பாய்ச்சலில் அதைத் தொடக்கூடிய கால்கள் மிகச் சிலருக்கே உண்டு. துல்லியம் வேறு கதை. கோருக்குக் கூட்டியோ குறைத்தோ 2 சதவீதம் என்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் அது தினமும் ஒரே மாதிரி இருப்பது. பழையது என் வாட்டைச் சற்று உயர்த்திக் காட்டியிருக்கிறது. ஆகவே எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) சோதனையைப் புதிதாகச் செய்தேன்: 20 நிமிடம் முழு முயற்சி, அந்தச் சராசரியில் 95 சதவீதம். எண் குறைந்தது. பயிற்சிகள் எல்லாம் அந்த எண்ணிலிருந்து மாறின, இன்டர்வல்கள் (இடைவிட்டு இடைவிட்டுச் செய்யும் கடின முயற்சிகள்) முதல் முறையாக எழுதியிருக்கிற மாதிரியே நடந்தன. ட்ரெய்னர் மாற்றினால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கிராங்கில் (பெடல் மாட்டிய தண்டில்) வாட் அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது ட்ரெய்னரைவிட 2 முதல் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். செயினிலும் பல்லிலும் போகிற இழப்பு அது.

ஸ்விஃப்ட்டில் ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்றொரு ஏற்றம் இருக்கிறது, பிரான்ஸின் ஆல்ப் டுயஸ் மலைப்பாதையைப் பார்த்துச் செய்தது. 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், சராசரி 8.5 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ட்ரெய்னரில் அது முடிவில்லாத ஒரே சுவர். இதில் ஒவ்வொரு வளைவிலும் ஏற்றம் ஒரு கணம் தளர்வதைக் கால் உணர்கிறது. கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்று) தானாக நாலைந்து கூடுகிறது, மூச்சு ஒன்று கிடைக்கிறது, வளைவு முடிந்ததும் மறுபடி இறுகுகிறது. அந்த ஒரு மூச்சுக்காக வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். பாதை காலுக்குத் தெரிகிறது என்றால் இதுதான்.

இணைப்பில் ஒரு விஷயம். செயலியும் ட்ரெய்னரும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் முறைகளான ஆன்ட்+ எஃப்ஈ-சி, ப்ளூடூத் எஃப்டிஎம்எஸ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது அநேகமாக எந்தச் செயலியும் அந்த ட்ரெய்னரை இயக்கும். செல்பேசியில் ட்ரெய்னரின் சொந்தச் செயலி திறந்திருந்தால் கணினிக்கு ப்ளூடூத் கிடைக்காமல் போகலாம், அதை முதலில் மூடிவிடுங்கள்.

ட்ரெய்னர் வாங்குவதற்கு முன்பே ஒரு நல்ல மின்விசிறி வாங்குங்கள் என்றும் அழுத்திச் சொல்வேன். உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் பெடலுக்குப் போகிறது. 180 வாட் மிதித்தால் 540 முதல் 720 வாட் வரை வெப்பமாக உடம்பிலேயே நிற்கும். காற்று இல்லாவிட்டால் கால் தளர்வதற்கு முன்னால் சூடுதான் நம்மை இறக்கிவிடும். வியர்வை சொட்டுகிற ஹேண்டில்பாரின் ஸ்டெம் போல்ட்டுகளையும், ஹேண்டில்பார் திரும்புகிற மூட்டான ஹெட்செட்டையும் ஓட்டி முடித்ததும் துடைத்துவிடுங்கள், உப்பு அங்கேதான் அரிக்க ஆரம்பிக்கும்.

பழையதைத் தம்பி எடுத்துக்கொண்டு போனான். தினமும் ஒரே அழுத்தத்துக்குக் காற்றடி, உருளையை இத்தனை சுற்றுதான் இறுக்கு, பத்து நிமிடம் ஓட்டியபிறகே ஸ்பின்டவுன் செய் என்று மூன்றையும் தாளில் எழுதி அதன் காலில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆரம்பிக்கிற ஒருவனுக்கு அது தாராளமாகப் போதும்.